ஆற்றோடு இரண்டு நாள்

“ஆழமறியாமற் காலை விடாதே” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆற்றங்கரையில் வாழ்ந்த முன்னோர் பட்டறிந்து சொன்ன வார்த்தை அது. இக்காலத்திலோ, ஆற்றின் வேகத்தை அறிந்தே அதன்மேல் ஏறிச் செல்வதை ஒரு விளையாட்டாகக் கொண்ட இளைஞர் பலர் உளர். காற்றடைத்த இறப்பர்த் தெப்பமொன்றில் ஆறேழு பேர் அமர்ந்து, கையிலே துடுப்புடன், பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரோடு இறங்கிச் செல்வதே அவ்விளையாட்டு. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள கழகங்கள் இதற்கென ஒரு வார இறுதியை ஒதுக்கிக்கொள்கின்றன. சனிக்கிழமை ஆற்றிலும், அன்றிரவு கரையிலே கூடாரத்திலும், ஞாயிற்றுக்கிழமை காட்டு வழியிலும் கழிகின்றன. இன்பமான பொழுதுபோக்குத்தான், ஐயமில்லை. ஆயினும் ஆற்றிலே நேரும் விபத்துகளிற் பல, தெப்பம் நீரிற் படுமுன்னரே, கரையிலே செய்யத் தவறியவற்றால் விளைந்தவை. ஆகவே இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவது எவ்வாறு என்பது சற்று விரிவாக ஆராயத்தக்கது.

இலங்கையில் இவ்விளையாட்டுக்குப் பேர்பெற்ற இடம் கித்துல்கல. கொழும்பிலிருந்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக அட்டனுக்குச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், கேகாலை மாவட்டத்திலே களனி கங்கையின் கரையில் அமைந்துள்ள சிற்றூர் அது. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தின் பாலக் காட்சிகள் இங்குதான் படமாக்கப்பட்டன. அன்று திரைப்படத்தாற் பெயர்பெற்ற ஊர் இன்று தெப்பச் சவாரியாற் பெயர்பெற்றிருக்கின்றது. ஊர் இளைஞர் பலருக்கு வழிகாட்டித் தொழிலே பிழைப்பாகவும் உள்ளது.

களனி கங்கையின் இயல்பை அறியாதவன் கித்துல்கலவில் ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரு கிளைகளும் கூடியே களனி கங்கையாகின்றன. ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பின் வடபால் அது கடலிற் கலக்கின்றது. அதன் மேற்பகுதி நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று. கித்துல்கலவுக்கு மேலேயுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்வதுண்டு. யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகளிற் பெய்யும் மழையை அம்மலைச்சாரல் ஒரே ஆண்டிற் பெற்றுவிடுகின்றது எனலாம்.

இம்மழைநீரே இலங்கையின் நீர்மின் உற்பத்திக்கு வித்தாயிற்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே இந்நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என எடுத்துக்காட்டினார். 1950 ஆம் ஆண்டில் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று காசல்ரீ, மவுசாகலை என்னும் பெருநீர்த்தேக்கங்களும், அவற்றின் கீழே நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்சபான ஆகிய சிறு தேக்கங்களும், ஒன்றின்கீழ் ஒன்றாக மின்னிலையங்களும் அமைந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் கித்துல்கலவை அடுத்து பிரோட்லண்ட்ஸ் மின்னிலையமும் சேர்ந்துகொண்டது.

தெப்பத்தில் ஏறுவோர்க்கு மின்னிலையங்களைப் பற்றிய பேச்சு எதற்கு என ஒருவர் வினவலாம். காரணம் இதுதான். அணைகளுக்குக் கீழே ஓடும் ஆறு மழையை மட்டும் பார்த்து ஓடுவதன்று. மின்னிலையங்கள் எவ்வேளையில் எவ்வளவு நீரை வெளிவிடுகின்றன என்பதைப் பொறுத்தே அதன் மட்டம் ஏறி இறங்குகின்றது. காலையிற் பாறைகள் வெளித்தெரிய ஓடிய நீர், நண்பகலில் அப்பாறைகளை மூடிப் பாயலாம். மேலும், கடுமழைக் காலத்திற் சிறு தேக்கங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் அவற்றின் வான்கதவுகளைத் திறக்க நேரிடும். கித்துல்கலவில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும் வேளையிலும், இருபது கிலோமீற்றர் மேலே மலையிற் பெய்த மழை ஆற்றுவழியே வந்துகொண்டிருக்கலாம். தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து ஆற்றை அளப்பவன் ஏமாந்துபோவான்.

நீரின் வலிமையைக் குறித்தும் பலர்க்குச் சரியான எண்ணமில்லை. ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம், அதாவது ஒரு தொன். வினாடிக்கு 30 கன மீற்றர் நீர் பாயும் ஆற்றிலே ஒவ்வொரு வினாடியும் 30 தொன் நிறை ஓரிடத்தைக் கடந்து செல்கின்றது. அன்றியும், ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது ஒரு பொருள்மீது செலுத்தும் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. முழங்காலளவு நீர்தானே என்று துணிந்து இறங்குவோர் நிலைதவறி விழுவது இதனாலேயே. குளத்திலே நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இவ்வோட்டம் புதியது. அங்கே கற்ற நீச்சல் இங்கே பாதியளவே உதவும்.

ஆறுகளின் கடினத்தை அளப்பதற்கு உலகெங்கும் ஆறு தரங்கள் கைக்கொள்ளப்படுகின்றன. முதலாந் தரம் சிற்றலைகளோடு மெல்ல ஓடும் நீர். இரண்டாந் தரத்தில் விரைவோட்டங்கள் உண்டு. எனினும் வழி அகன்றும் தெளிவாகவும் இருக்கும். மூன்றாந் தரத்தில் ஒழுங்கற்ற அலைகள் எழும். பாறைகளைத் தவிர்த்துத் தெப்பத்தைத் திருப்பவேண்டி வரும். நான்காவது வலிமை மிக்க ஓட்டம். பிழையற்ற கைவன்மை வேண்டும். ஐந்தாவது தேர்ந்தவர்க்கு மட்டும் உரியது. ஆறாவது கடத்தற்கரியது. கித்துல்கலவிற் கழகங்கள் வழக்கமாகச் செல்லும் ஐந்தாறு கிலோமீற்றர்ப் பகுதி, சாதாரண நீர்மட்டத்தில் இரண்டாம், மூன்றாந் தரங்களைச் சார்ந்தது. இங்கே “சாதாரண நீர்மட்டத்தில்” என்னும் சொற்களே முக்கியமானவை. தரம் என்பது இடத்துக்கு மட்டும் உரியதன்று. அன்றைய நீருக்கும் உரியது. வெள்ளம் பெருகினால் மூன்றாந் தரம் நான்காகவும் அதற்கு மேலாகவும் மாறிவிடும். சென்ற ஆண்டில் வந்து மகிழ்ந்து சென்றோம் என்பது இந்த ஆண்டுப் பயணத்துக்குச் சான்றாகாது.

இருபத்து நான்கு பேர் கொண்ட ஒரு கழகம் இப்பயணத்தை மேற்கொள்கின்றது என்று வைத்துக்கொள்ளலாம். அது செய்யவேண்டிய முதல் வேலை நாளைத் தேர்வதே. மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆறு பெருகியிருப்பது இயல்பு. புதியவர் மிகுந்த குழு அம்மாதங்களைத் தவிர்த்தல் நன்று. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவதுண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் பொதுவாக அமைதியானது. எந்த மாதமாயினும், மாற்று நாளொன்றையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். மாற்று நாள் இல்லாத திட்டம் தலைவரின் கையைக் கட்டிவிடும். எப்படியாவது இன்றே போய்விட வேண்டும் என்ற அவசரத்தை அது உண்டாக்கும்.

இரண்டாவது, வருவோரை அறிதல். ஆறு கிழமைகளுக்கு முன்னரே ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஒரு படிவம் நிரப்பிப் பெறல் வேண்டும். நீந்தத் தெரியுமா, ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய் முதலியன உண்டா, நாளாந்தம் உட்கொள்ளும் மருந்து எது, விபத்து நேரின் யாருக்கு அறிவிப்பது என்பன அதிலே இருக்க வேண்டும். வெட்கத்தினாலே நீச்சல் தெரியும் என்று எழுதிவிடுவோர் எக்குழுவிலும் ஒரிருவர் இருப்பர். ஆதலால் படிவத்தோடு நின்றுவிடாது, ஒரு நாள் நீச்சற்குளத்திற் கூடி, உயிர்காப்பு அங்கி அணிந்து நீரிற் குதித்து மிதக்கும் பயிற்சியை யாவரும் செய்தல் நன்று. நீச்சல் அறியாதவரை அது வெளிப்படுத்தும்; அதுமட்டுமன்று, அங்கி தம்மைத் தாங்கும் என்ற நம்பிக்கையையும் அவருக்கு அளிக்கும். நீரிற் பதறாத ஒருவரைக் காப்பது எளிது. பதறுபவர் காக்க வந்தவரையும் அமிழ்த்திவிடுவார்.

மூன்றாவது, தெப்பங்களையும் வழிகாட்டிகளையும் அமர்த்துதல். கழகங்கள் பெரும்பாலும் இவற்றைக் கித்துல்கலவிலேயே வாடகைக்குப் பெறுகின்றன. இங்கே விலையை மட்டும் கேட்டு முடிவு செய்தலாகாது. வழிகாட்டிகள் பெற்ற பயிற்சி யாது, முதலுதவி அறிவாரா, ஒவ்வொரு தெப்பத்துக்கும் ஒரு வழிகாட்டி உண்டா, காப்புறுதி உண்டா, மீட்புக்கெனத் தனிச் சிறுபடகு உடன் வருமா என்னும் வினாக்களை நேரிற் கேட்க வேண்டும். இருபத்து நான்கு பேருக்கு ஆறு பேர் வீதம் நான்கு தெப்பங்கள் போதும். தனித் தெப்பம் ஒன்று துணையின்றி ஆற்றில் இறங்குவது ஒருபோதும் தகாது. கவிழ்ந்த தெப்பத்திலிருந்தோரைத் தூக்கி எடுப்பதற்கு இன்னொரு தெப்பம் வேண்டுமன்றோ? வழிகாட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால், கட்டிய பணம் வேறொரு நாளுக்குச் செல்லுபடியாகுமா என்பதையும் அப்பொழுதே பேசி எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

உடுப்பும் கருவியும் அடுத்தவை. உயிர்காப்பு அங்கி உடலளவுக்குப் பொருந்த வேண்டும். எல்லா வார்களையும் இறுக்கியபின் பின்னாலிருந்து ஒருவர் தோட்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கி காதளவு ஏறினால் அது பயனற்றது. நீரில் ஆள் கீழேயும் அங்கி மேலேயும் போகும். தலைக்கவசம் நெற்றியை மூட வேண்டும்; தாடைவார் தளர்ந்திருத்தல் கூடாது. காலணி, கழன்றுபோகாமல் இறுகக் கட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும். சேலை, சாரம், தடித்த பருத்திக் காற்சட்டை ஆகியன நீரை உறிஞ்சிக் கனத்து இழுக்கும். விரைவில் உலரும் மெல்லிய உடையே தகுந்தது. மோதிரம், சங்கிலி முதலியன வீட்டில் இருக்கட்டும். இருபது மீற்றர் நீளமுள்ள மிதக்கும் கயிறு அடைத்த எறிபை ஒவ்வொரு தெப்பத்திலும் இருக்க வேண்டும். உலர்ந்த மாற்றுடை, முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு, தொலைபேசி ஆகியன நீர் புகாப் பையிலே கட்டப்பட வேண்டும்.

இவையெல்லாம் கடைகளிற் கிடைப்பவை. கடையிற் கிடைக்காத ஒன்றும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது அதுவே. “இன்று வேண்டாம்” என்று சொல்லும் உரிமையைக் குழுவில் ஒருவருக்கு முன்கூட்டியே கொடுத்துவைப்பதுதான் அது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவ்விருபத்து நான்கு பேரும் ஆற்றங்கரையில் நிற்கின்றனர் எனக் கருதலாம். விடியுமுன் எழுந்து மூன்று மணிநேரம் பஸ்சில் வந்திருக்கின்றனர். பணம் கட்டியாயிற்று. விடுமுறை எடுத்தாயிற்று. சிலர் புதிய காலணியும் வாங்கியிருக்கின்றனர். ஆற்று நீரோ வழக்கத்திலும் சிறிது கலங்கித் தோன்றுகின்றது. ஒருவர் மனத்திலே ஐயம் எழுகின்றது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கின்றார், அவர் சிரித்துக்கொண்டிருக்கின்றார். தாம் ஏதாவது சொன்னால் கோழை என்பார்களோ என்று எண்ணி வாய்மூடுகின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் மனத்திலும் அதே ஐயம் இருந்திருக்கலாம். அவரும் இவரைப் பார்த்துத்தான் சிரித்தார். இவ்வாறு இருபத்து நான்கு பேரின் அச்சமும் சேர்ந்து ஒரு துணிவுபோலத் தோன்றிவிடுகின்றது. ஒருவரும் விரும்பாத பயணத்தை யாவரும் சேர்ந்து மேற்கொள்வது இப்படித்தான்.

ஆகையால் திரும்புவதற்கான விதிகளைக் கரையில் நிற்கும் வேளையிலன்று, இரண்டு கிழமைகளுக்கு முன், அமைதியாகக் கூடியிருந்து எழுதிவைக்க வேண்டும். அவ்விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் நன்று. வளிமண்டலவியல் திணைக்களம் கடுமழை எச்சரிக்கையோ நீர்ப்பாசனத் திணைக்களம் களனி கங்கைக்கு வெள்ள எச்சரிக்கையோ விடுத்திருந்தால் ஆற்றில் இறங்குவதில்லை. மேலேயுள்ள தேக்கங்களில் ஏதேனும் ஒன்றின் வான்கதவு திறந்திருந்தால் இறங்குவதில்லை. தலைமை வழிகாட்டி மறுத்தால் இறங்குவதில்லை. பொருந்தும் அங்கியும் கவசமும் ஒருவருக்கேனும் இல்லையாயின் அவர் இறங்குவதில்லை. பிற்பகல் ஒரு மணிக்குள் புறப்பட முடியாதாயின் அன்று பயணமில்லை. இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் தலைவர் “வேண்டாம்” என்பார். அதற்கு வாக்கெடுப்பு இல்லை, வாதமும் இல்லை. தனியொருவர் தமக்கு மட்டும் வேண்டாம் என்று கரையில் நின்றுகொள்ள விரும்பினால் அவரை ஏளனஞ் செய்வதும் இல்லை.

ஆறு தானே தரும் அறிகுறிகளையும் உறுப்பினர் யாவரும் அறிந்திருக்க வேண்டும். நீர் தெளிவு மாறிச் செம்மண் நிறம் கொள்ளுதல், சருகும் சுள்ளியும் திரளாக மிதந்து வருதல், இரைச்சல் கனத்து அடியிற் கற்கள் ஒன்றோடொன்று முட்டும் ஒலி கேட்டல், சற்றுமுன் வெளியே தெரிந்த பாறை மறைந்துபோதல் ஆகியன நீர் ஏறுவதற்கு அடையாளம். கரைக்கு வந்தவுடன் நீரோரத்தில் ஒரு குச்சியை நாட்டி வைப்பது பழைய முறையாயினும் நம்பத்தக்கது. அரைமணி நேரத்தில் அக்குச்சியின் அடி நீரில் மூழ்கத் தொடங்கினால், வேறு சான்று தேவையில்லை. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தாலோ பொருள்களை எடுக்கத் திரும்பாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஆற்றிலே இறங்கத் தகுந்த நாளாயின், தெப்பம் ஏறுமுன் வழிகாட்டி கூறும் பாடம் அரைமணி நேரம் எடுக்கும். இதனைச் செவிசாய்க்காமல் நிழற்படம் எடுத்துக்கொண்டிருப்பவர் தம்மை மட்டுமன்றித் தம்மோடிருக்கும் ஐவரையும் இடருக்கு உள்ளாக்குகின்றார். துடுப்பின் மேல்நுனியிலுள்ள கைப்பிடியை ஒரு கை எப்பொழுதும் மூடிப் பிடித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அது அடுத்தவரின் பல்லைப் பதம்பார்க்கும். முன்னே வலி, பின்னே வலி, நிறுத்து, கீழே அமர் என்னும் ஆணைகளுக்கு ஆறு பேரும் ஒரேயளவில் இயங்க வேண்டும். விரைவோட்டத்தில் தெப்பத்துக்கு வலிமை தருவது துடுப்புத்தான். அஞ்சித் துடுப்பைத் தூக்கிக்கொண்டால் தெப்பம் வெறும் மரக்கட்டையாகிவிடும்.

நீரில் விழுந்துவிட்டால் செய்யவேண்டியது ஒன்று, செய்யக்கூடாதது ஒன்று. செய்யவேண்டியது, மல்லாந்து மிதந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, விரல்நுனிகள் நீருக்கு மேலே தெரிய வைத்திருத்தல். வரும் பாறையைக் காலால் உதைத்து விலகலாம். தலை பின்னே பத்திரமாக இருக்கும். செய்யக்கூடாதது, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலுதல். கால் இரு கற்களுக்கிடையே சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளை முகங்குப்புற மடித்து அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரிலேயே உயிர் போவதற்கு இதுவே காரணம். கரையோர அமைதி நீரை அடைந்தபின்னரே எழுந்து நிற்கலாம். வீழ்ந்து கிடக்கும் மரமும் அதுபோன்றே கொடியது. சல்லடைபோல அது நீரைப் போகவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். தொலைவிலேயே அதைக் கண்டு, முழுவலிமையோடும் பக்கமாக நீந்தி விலக வேண்டும்.

மீட்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலிற் குரல் கொடுத்தல். அடுத்துத் துடுப்பை நீட்டுதல். அடுத்துக் கயிறு எறிதல். அதன்பின் தெப்பத்தோடு செல்லுதல். நீரிற் குதித்து நீந்திச் செல்லுதல் எல்லாம் கைவிட்டபின் பயிற்சி பெற்றவர் மட்டும் செய்யவேண்டியது. எறிந்த கயிற்றைப் பிடிப்பவர் அதை மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றுதல் ஆகாது. விட நேர்ந்தால் விட முடியாமற் போய்விடும்.

பயணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நனைந்த உடையுடன் காற்றில் நிற்பவர்க்குக் குளிர் பிடிக்கும். வெப்பநாடாயினும் இஃது உண்மை. கரையேறியதும் உலர்ந்த உடையும் இஞ்சித் தேநீரும் வேண்டும். கால் கையிற் சிராய்ப்புகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி மருந்திட வேண்டும். சேற்றுநீர்வழியே பரவும் எலிக்காய்ச்சல் இலங்கையின் ஈரவலயத்திற் பரவலாக உள்ளது. வெட்டுக்காயமுள்ளவர் பயணத்துக்கு முன்னரே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. பயணஞ் சென்று ஓரிரு கிழமைகளில் கடுங்காய்ச்சலும் தசைநோவும் கண்டால், ஆற்றில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் மறவாமற் கூற வேண்டும்.

இனிப் பாசறை. கூடாரம் அடிப்பதற்கு எழில்மிகு இடம் ஆற்றின் மணற்கரையே. ஆயினும் அது ஆற்றின் படுக்கையறை. இரவில் அது திரும்பிவரக்கூடும். கரையோர மரக்கிளைகளில் எந்த உயரத்தில் சருகும் பொலித்தீனும் தொங்குகின்றன என்று பார்த்தால், சென்ற வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பது தெரிந்துவிடும். கூடாரம் அதற்கும் நன்கு மேலே இருக்க வேண்டும். மேட்டை நாடுவோர் செங்குத்தான சரிவின் அடியையும் தவிர்த்தல் அவசியம். இதே கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவில், 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி மலைச்சரிவு வீடுகளையும் மக்களையும் புதைத்த துயரத்தை நாடு மறந்துவிடவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கைகளை விடுத்துவருகின்றது. அவ்வூருக்கு எச்சரிக்கை இருப்பின் ஆற்றுப் பயணத்தோடு பாசறையையும் கைவிட வேண்டும். பட்டுப்போன கிளைகளுக்கு அடியிலும், நிலத்து உரிமையாளரின் இசைவு இல்லாத இடத்திலும் கூடாரம் அடித்தலாகாது.

பிற்பகல் மூன்று மணிக்குள் கூடாரங்கள் எழுந்துவிட வேண்டும். மழை வருவது பெரும்பாலும் அதன்பின்னரே. சமையற் பொறுப்பை நால்வர் ஏற்கலாம். சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் போதிய விருந்து. இருபத்து நான்கு பேருக்கு ஒருவேளைக்கு நாலு கிலோ அரிசி போதும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு நூறு லீற்றர் நல்ல நீர் வேண்டும். ஆற்றுநீராயின் கொதிக்கவைத்தே பருக வேண்டும். காலைக்குப் பாணும் சீனிச் சம்பலும் கொண்டுசென்றால் வேலை குறையும். அட்டைகளுக்கு உப்பும் எலுமிச்சம் புளியும் உதவும். மலசலத்துக்கான இடம் ஆற்றிலிருந்து அறுபது மீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். இரவில் இருவர் முறைவைத்து விழித்திருந்து, குச்சி நாட்டிய இடத்தை மணிக்கொருமுறை பார்த்து வருதல் வேண்டும். மதுபானம் இவ்விரண்டு நாளும் விலக்கப்பட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

குழுவோடு வராத ஒருவர் கொழும்பில் இருந்து ஆற்றவேண்டிய கடமையும் ஒன்றுண்டு. பெயர்ப்பட்டியலும், செல்லும் இடமும், தொலைபேசியில் அழைக்கும் நேரமும் அவரிடம் இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு இரண்டு மணிநேரம் கடந்தும் செய்தி இல்லையாயின் அவர் விசாரிக்கத் தொடங்குவார். அவசர வேளைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும், ‘சுவசெரிய’ இலவச அம்புலன்சின் 1990 என்ற இலக்கமும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருத்தல் நலம்.

ஞாயிற்றுக்கிழமையை ஆற்றுக்கு ஒதுக்காமற் காட்டுக்கு ஒதுக்குவது அறிவுடைமை. மறுகரையிலுள்ள மாக்கந்தாவ வனத்தில் வழிகாட்டியுடன் நடந்து பறவைகளைக் காணலாம். பெலிலென என்னும் குகைக்கு ஏறிச் செல்லலாம். 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரின் எச்சங்கள் அங்கே கண்டெடுக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் வெறும் பொழுதுபோக்குக்காக மட்டும் சேர்க்கப்படுவன அல்ல. ஆறு பெருகியதாற் சனிக்கிழமைப் பயணம் கைவிடப்பட்டால், குழுவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல் அழைத்துச் செல்ல ஓரிடம் தலைவருக்கு வேண்டும். மழையும் எச்சரிக்கையும் இல்லாது, நீர்மட்டம் மட்டும் தடையாகும் நாட்களில் இம்மாற்றுத் திட்டமே தலைவரின் சொல்லுக்குப் பலம் கொடுக்கும். வேறு வழியுள்ளவருக்கே “வேண்டாம்” என்ற சொல் எளிதாக வரும்.

புறப்படும் வேளையில் பாசறையின் தடமே தெரியாதவாறு இடத்தைத் துப்புரவு செய்து, குப்பையை மூட்டைகட்டி உடன் கொண்டுசெல்ல வேண்டும். இது அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. கித்துல்கலவைக் கடந்து செல்லும் இதே ஆற்றிலிருந்துதான், கொழும்பையடுத்த அம்பத்தலேயில், தலைநகரத்தாரின் குடிநீர் எடுக்கப்படுகின்றது. ஞாயிறு மாலை வீடு திரும்பிக் களைப்போடு குழாயைத் திறக்கும் இளைஞன், தான் சனிக்கிழமை துடுப்பிட்ட ஆற்றின் நீரையே பருகுகின்றான்.

பதறாத காரியம் சிதறாது என்பர். நீர்மட்டம் ஏறிய ஒரு காலையில், இருபத்து நான்கு முகங்களும் வாடிப்போக, “இன்று வேண்டாம், மாற்று நாளில் வருவோம்” என்று ஒரு தலைவர் சொல்லிவிடுகின்றார் என வைத்துக்கொண்டால், அன்று அக்கழகம் தோற்றுவிட்டதாக எண்ண இடமில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் ஆறு கிழமைத் திட்டமும் வகுக்கப்பட்டது. அன்று குறையும் மகிழ்ச்சி அடுத்த மாதம் திரும்பக் கிடைக்கும். களனி கங்கை எங்கும் போய்விடாது. அடுத்த மாதம் அதே இருபத்து நான்கு பேரும் அக்கரையில் வந்து நிற்க வேண்டும் என்பதே திட்டத்தின் முழு நோக்கமுமாகும்.